கிணறு கரிக்கிறதா? 600 அடிக்குப் போகாதீர்கள்

கேள்வி: திசையன்விளை பக்கம் 3 ஏக்கரில் தென்னையும் முருங்கையும் வைத்திருக்கிறேன். கடல் 6 கிலோமீட்டர். 60 அடிக் கிணறு சித்திரைக்கு மேல் கரிக்கிறது. நீரோட்டம் பார்த்தவர், 600 அடி போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிவரை இருக்கும். அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால் உப்பு நாளடைவில் 40 அடி ஏறிவிடும்.

முதலில் மோட்டார் போட்ட 10 நிமிடத்தில் ஒரு பாட்டில், 3 மணி நேரம் ஓடியபின் ஒரு பாட்டில் பிடித்து, மண், நீர் பரிசோதனை நிலையத்தில் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாட்டிலில் கூடியிருந்தால் உப்பு அடியிலிருந்து ஏறுகிறது. ஃபுட் வால்வை (உறிஞ்சுகுழாயின் அடிமுனை வால்வு) மேலே தூக்குங்கள், மோட்டாரின் குதிரைத்திறனைக் குறையுங்கள், 1 மணி நேரம் இறைத்து 2 மணி நேரம் கிணற்றை ஊறவிடுங்கள். சொட்டுநீர் போட்டால் இதுவே போதும். இ.சி. 3 dS/m-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. தென்னை ஓரளவு தாங்கும்.

அந்த 600 அடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? போருக்குக் கூலி அடிக்கணக்கில்தான். நீரோட்டம் பார்ப்பவருக்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் நடுவில் கமிஷன் ஓடும் இடங்கள் நிறைய. கம்ப்ரசர் காற்றில் பீறிடுவதைக் காட்டி 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்பார்கள். அது குழிக்குள் ஏற்கெனவே தேங்கிக் கிடந்த தண்ணீரும் சேர்ந்து வருவது. நாலைந்து மணி நேரம் மோட்டாரில் இறைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். கேசிங் (மண் சரியாமல் தடுக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது என்று நின்று எண்ணுங்கள். இவர்களைக் கேட்க ஆளில்லை. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003-ல் சட்டம் போட்டது, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-ல் ரத்து செய்தது. அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை கிணறு உப்பானது!

மழைத் தண்ணீரைக் கிணற்றில் இறக்குங்கள். 1 ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லட்சம் லிட்டர். தேரி மணலாக (செம்மணல்) இருந்தால் அதுவே உறிஞ்சிவிடும், குழி வேண்டாம். மற்ற நிலத்தில் வண்டல் படிய 6 அடிக் குழி ஒன்று, அதை அடுத்து வடிகட்டும் குழி: அடியில் பெருங்கல், நடுவில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே ஆற்றுமணல். அங்கிருந்து 6 அங்குலக் குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்குங்கள். சுவரில் அடித்து விழுந்தால் மண் சரியும்.

வெள்ளத்தை விழுங்கிய, திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணற்றைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தை அப்படியே திருப்பிவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 2021 மழையில் எவ்வளவு வந்தும் அது நிரம்பாததற்குக் காரணம் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகள். உங்கள் கிணற்றுக்கு அடியிலும் குகை இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு லாரித் தண்ணீரை ஊற்றி, மட்டம் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மடமடவென்று இறங்கினால் அடியில் அப்படிப்பட்ட பாறை இருக்கலாம், அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். மணல் வடிகட்டுவது போலச் சுண்ணாம்புப் பாறை வடிகட்டாது. மாட்டுக்கொட்டில் கழிவும், உரமும் மருந்தும் கலந்த வயல் தண்ணீரும் பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர்க் கிணற்றுக்கு அப்படியே போய்ச் சேரும். அந்தப் பாறை உள்ள இடத்தில் கூரைத் தண்ணீரை மட்டும் விடுங்கள், அதிலும் முதல் மழையை வெளியே தள்ளிவிட்டு.

வடிகட்டும் குழியின் மேல்மணலை ஒவ்வொரு புரட்டாசியிலும் வாரிக் கழுவிப் போடுங்கள். வண்டல் ஏடு கட்டிவிட்டால் ஐப்பசி மழை குழியில் இறங்காமல் வழிந்து ஓடிவிடும்.