புரொப்பேன் தொட்டியில் எத்தனை கிலோ இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஆலையில் 10 கன மீட்டர் கொள்ளும் படுக்கைவாட்டுப் புரொப்பேன் தொட்டி இருக்கிறது. மட்டமானி 60 சதவீதம் காட்டுகிறது. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். வளியழுத்தமும் சேர்த்து 9.5 பார். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) போட்டால் 169 கிலோதான் வருகிறது. இருப்புப் பதிவேட்டிலோ மூன்று டன். எது தவறு?

பதில்: பதிவேடு சரிதான். தொட்டி முழுக்க வாயு என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். அடியில் நிற்கும் 6 கன மீட்டர் திரவத்துக்கு அந்தச் சமன்பாடு செல்லாது. இரண்டையும் பிரித்துப் போடுங்கள்.

திரவத்துக்கு ராக்கெட் (Rackett) சமன்பாடு போதும்; ஒரு மோல் திரவம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அது சொல்லும். 25 டிகிரி என்பது 298.15 கெல்வின். அதைப் புரொப்பேனின் மாறுநிலை வெப்பநிலையான (இதற்கு மேல் திரவமாக இருக்காது) 369.8 கெல்வினால் வகுத்தால் 0.806. அதை 1-லிருந்து கழித்தால் 0.194, இதன் 2/7 அடுக்கு 0.626. மாறுநிலையில் அமுக்கத்திறன் காரணி (நல்லியல்பு வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்; நல்லியல்பு வாயுவுக்கு 1) 0.276. அதை 0.626 அடுக்குக்கு உயர்த்தி, மாறுநிலைக் கன அளவு 200-ஆல் பெருக்குங்கள்: மோலுக்கு 89.4 கன சென்டிமீட்டர். அளந்து கண்ட மதிப்பும் ஏறக்குறைய இதேதான். ஒரு மோல் புரொப்பேன் 44.1 கிராம்; ஆக, 6 கன மீட்டர் திரவம் 2,960 கிலோ. (தண்ணீருக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், கன அளவை 10 சதவீதம் குறைத்துக் காட்டும். நீராவி அட்டவணையைப் பாருங்கள்.)

மேலே உள்ள 4 கன மீட்டர் ஆவிக்குப் பிட்சரின் (Pitzer) முறையில், அதாவது மாறுநிலை மதிப்புகளிலிருந்து மதிப்பிடும் வழியில், அமுக்கத்திறன் காரணி 0.845 வருகிறது. எடை 80 கிலோ. நல்லியல்பு வாயுவாக எடுத்திருந்தால் 68. மாணவர்கள் இந்த 12 கிலோவுக்காகத்தான் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். என் கவலை மட்டமானியைப் பற்றியது. உங்கள் முள் காட்டும் 60, உயரமா, கன அளவா? படுத்த உருளையில் 60 சதவீத உயரம் என்றால் கன அளவு 62.6 சதவீதம். அதிலேயே சுமார் 125 கிலோ மாறிவிடும். முதலில் எந்த உயரத்துக்கு எவ்வளவு கன அளவு என்று காட்டும் தொட்டியின் அளவு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பநிலையையும் திரவத்துக்குள் எடுங்கள். மதிய வெயிலில் தொட்டியின் மேல்பாகம் கையைச் சுடும். திரவம் நிற்கும் கீழ்ப்பாகம் அவ்வளவு சுடாது.

அதே சமன்பாட்டை 40 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள்: மோலுக்கு 94.2 கன சென்டிமீட்டர். திரவம் 5 சதவீதத்துக்கு மேல் விரிந்துவிட்டது. உங்கள் தொட்டியில் அதற்கு இடம் இருக்கிறது. 25 டிகிரியில் 95 சதவீதம் நிரப்பிய தொட்டியில் இருக்காது.