"ஷேம் ஷேம்" போதாது, அக்கா

வணக்கம் மேடம்,

என் மகளுக்கு 22 வயது, டவுன் சிண்ட்ரோம். மாதம் மூன்று நாள் படாத பாடு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லையும் இல்லை, பயமும் இல்லை என்கிறார் நாத்தனார். அவள் போகும் பயிற்சி மையத்திலோ உடம்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். மனதளவில் அவள் ஐந்து வயதுக் குழந்தை. இல்லாததைக் கிளறிவிடுவார்களோ?

ஒரு அம்மா, வில்லிவாக்கம்

அன்புள்ள அக்கா,

கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். கை வைக்க நினைப்பவன் நிற்கமாட்டான். நடந்தது வயிற்றில் தெரியாமல் போகும், அவ்வளவுதான். 1994இல் புனேயில் அரசு விடுதிப் பெண்களுக்கு இதைச் செய்யப்போய் நாடே கொந்தளித்தது. இப்போது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அவள் புரிந்துகொண்டு சம்மதிக்காமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் சிகிச்சை எதையும் செய்யக் கூடாது. உதிரப்போக்கு அதிகமென்றால் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு.

அப்புறம் அந்த "ஐந்து வயது". குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வயது என்றால் உடம்பின் வயதுதான், மனதின் வயதல்ல என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. சட்டத்துக்கு உங்கள் மகள் 22 வயதுப் பெண். ஆசையும் அந்த வயதுக்கு உரியதுதான், யாரும் வந்து கிளற வேண்டியதில்லை.

என் தங்கைக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். துணி விலகினால் ஷேம் ஷேம், பாத்ரூம் கதவு திறந்திருந்தால் ஷேம் ஷேம். நாங்கள் கொடுத்திருந்த சொல் அது ஒன்றுதான். அவளுக்கு 24 வயதில் ஒருநாள் சாப்பிடும்போது, "வேன் அண்ணா ஷேம் ஷேம்" என்றாள். சட்டைப் பட்டன் போடாமல் வந்திருப்பார் என்று அம்மா சிரித்தார். நானும்தான். மூன்று வாரம் கழித்து, வேனைக் கண்டதும் கேட் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கே தொட்டான் என்று கேட்டதற்கு, பாவம், சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

பிறகு ஒரு சிறப்பாசிரியர் துணிப் பொம்மையை வைத்து மார்பு, பிறப்புறுப்பு என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். நாப்கினில் சிவப்பு மை தடவி மாற்றிப் பழக்கினார். மாதக்கணக்கில் ஒரே பாடம். "வேண்டாம்" என்று சொல்லப் பழக்கியதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளையாக வளர்த்தது நாங்கள்தானே. இப்போது தலைபின்னும்போது வேண்டாம் என்றால் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மையத்தில் என்ன சொற்களைச் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு பெயர் சொன்னால் குழம்பிவிடுவாள். நாத்தனாரையும் அதே சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள்.