ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் புதிய ஸ்மார்ட்போனை, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கித் தரலாமா?

அடுத்த மாதம் அறிமுகமாகும் போன் விலை குறைவாக இருக்கிறது, ஆனால் அதை வெளியிடும் நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதாம், கிராமத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு முதல் நாளிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஊருக்குப் போகிறீர்கள், இடைப்பட்ட நாட்களில் வீடியோ அழைப்பில் அவர்கள் முகத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த எண்ணத்தோடுதான் வாங்கினேன். அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குள், இரவில் அவர்கள் படுக்கும் இடத்தில், அந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறதா என்று நீங்களே பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதே என் பதில். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இறங்கி, மண்சாலையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர் வரும். சுற்றிலும் கரடு, அதாவது சிறு குன்றுகள், ஊர் நடுவில் பள்ளத்தில் இருக்கிறது. எந்த வீட்டுத் திண்ணையில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கும், எந்தக் காட்டு வரப்பில் எது அற்றுப்போகும் என்பதை அங்கே சிறுபிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். அதனால்தான் பெரும்பாலோர் வீட்டுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் அங்கே எது எடுபடுகிறதோ அதையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கம் உள்ள எங்கள் உறவினர்களுக்கோ, வீட்டு வாசலில் நின்றாலே கர்நாடகத்து டவரைப் போன் பிடித்துக்கொள்ளும் சிக்கலும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதை வீண்செலவு என்று நினைக்கலாம். மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இடத்துக்குத் தக்க சிம்மை மாற்றிக்கொள்வது, கிணற்றில் நீர் வற்றினால் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போவதைப் போன்ற ஒரு தேவை.

நான் ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் தன்னுடைய சிம்மை மட்டும் ஏற்கும் ஸ்மார்ட்போனை வெளியிட்டபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு வந்து, பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு கடையில் வரிசையில் நின்று அம்மாவுக்காக வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை, பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னவுடன் பேச்சு அந்தப் பெயரைப் பற்றியதாக மாறிவிடும். அதே தரத்தில் வெளியே கிடைத்த போன்களைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் குறைவு. எழுத்துகள் பெரிதாகத் தெரியுமா, தமிழில் பேசினால் புரிந்துகொள்ளுமா என்றெல்லாம் கேட்டேன். டவரைப் பற்றியும் கேட்கத்தான் செய்தேன். கடை ஊழியர் தம் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பென்னாகரம் வட்டம் முழுவதும் வண்ணம் பூசியதுபோல் நிறைந்திருந்தது. “பென்னாகரம் பூரா இருக்குங்க மேடம்” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் கருதவில்லை. அத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் திறந்தவெளிக்குக் கணித்து வரையப்படுபவை. எங்கள் ஊரின் பள்ளத்தையும் வீட்டின் கல்சுவரையும் அவை அறியமாட்டா.

அன்று மாலையே முதல் சிக்கல் வந்தது. அம்மா பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே எண்ணை வைத்திருந்தார். ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு உருளைப் பதிவு, நூறு நாள் வேலையின் கூலி வந்து சேரும் கணக்கு ஆகிய எல்லாம் அந்த எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தன. அது வேறு நிறுவனத்தின் சிம். புதிய போனில் அதைப் போட்டதும் இந்த சிம் செல்லாது என்று திரையில் வந்தது. இது தெரிந்துதானே வாங்கினேன் என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், ஆனால் அம்மா இரண்டு போன்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அப்போது எனக்குச் சரியாகத் தோன்றிய வழி, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. பழைய சிம்மிலிருந்து 1900 என்ற எண்ணுக்கு போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் கைபேசி எண்ணையும் குறுஞ்செய்தியாக அனுப்பினால் எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு வரும். அது நான்கு நாட்கள் செல்லும். அதைக் கடையில் கொடுத்தால், ஒரே தொலைத்தொடர்பு வட்டாரத்துக்குள் மூன்று வேலைநாட்களில் மாறிவிடும். அப்படியே செய்து முடித்துவிட்டு ஓசூருக்குத் திரும்பினேன்.

நான் கணக்கில் கொள்ளாதது, ஒருமுறை மாறிய எண் புதிய நிறுவனத்தில் 90 நாட்களை முடித்த பிறகுதான் மறுபடி வேறு நிறுவனத்துக்கு மாற முடியும் என்ற விதி.

மாறிய மறுநாளே, நான் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்தது. மாலையில் அம்மாவே அழைத்தார். “இது ஊட்டுக்குள்ள பேச மாட்டேங்குது பாப்பா, புளியமரத்துகிட்ட வந்தாத்தான் பேசுது” என்றார். அந்தப் புளியமரம் ஊருக்கு மேற்கே மேட்டில், வீட்டிலிருந்து ஏறக்குறைய நானூறு மீட்டர் தொலைவில் இருக்கிறது. பால் ஊற்றிவிட்டு வரும் வழியில் தினமும் அங்கே நின்று பேசுவதை அம்மா வழக்கமாக்கிக்கொண்டார். வீடியோவில் முகம் தெரிந்தது. பின்னால் வீடு தெரியாது, புளியமரம்தான் தெரியும். குறை சொல்லவே இல்லை. மகள் வாங்கிக் கொடுத்தது என்று பால் சங்கத்தில் எல்லாருக்கும் எடுத்துக் காட்டியவர் அவர்.

கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, சினையாக இருந்த எங்கள் மாடு கன்று ஈன முடியாமல் தவித்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. எழுந்து நடக்க இயலாது. தூறலில், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அம்மா மட்டும் புளியமரத்துக்குப் போயிருக்கிறார். அன்று ஊரில் மின்சாரம் இல்லை. நெடுநேரம் மின்சாரம் இல்லாதபோது கிராமத்து டவர்களில் மின்கலம் தீர்ந்து அடங்கிவிடுவது உண்டு. அங்கும் ஒரு கோடு தெரிவதும் மறைவதுமாக இருந்ததே தவிர, அழைப்பு போகவில்லை. திரும்பி இறங்கி, ஊரின் மறுமுனையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய், அவருடைய பட்டன் போனிலிருந்து, வேறொரு நிறுவனத்தின் சிம்மில், பென்னாகரத்துக் கால்நடை மருத்துவரை அழைத்திருக்கிறார்கள். அந்த நல்ல மனிதர் மழையிலும் இருசக்கர வாகனத்தில் வந்து சேர்ந்தார். மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகச் செய்தி போயிருந்தால் கன்று பிழைத்திருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என் தாய் இருட்டில் மேடேறி இறங்கியதற்குக் காரணம், அவர் கையில் நான் கொடுத்த போன். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே சொன்னார்கள்.

தொண்ணூறு நாள் முடிந்ததும் எண்ணைப் பழைய நிறுவனத்துக்கே மாற்றினோம். மாற்றியதும் அந்தப் போன் அம்மாவுக்குப் பயன்படாமல் போனது, ஏனென்றால் அது அந்த சிம்மை ஏற்காது. பிறகு எந்த சிம்மையும் ஏற்கும் சாதாரணப் போன் ஒன்றை வாங்கினேன். மிச்சம் பிடித்ததாக நினைத்த இரண்டாயிரம் ரூபாயும், முதல் போனுக்குக் கொடுத்த பணமும் அதோடு போயின.

இப்படி ஒரு கருவியை ஒரு நிறுவனத்தோடு கட்டிவைப்பது புதிய வழக்கமன்று. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று கொடுத்தபோது, கிருஷ்ணகிரியில் இருந்த என் மாமா வாங்கினார். அது சிடிஎம்ஏ வகை, கழற்றி மாற்ற சிம்மே கிடையாது. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது ஏடி அண்ட் டி நிறுவனத்தின் இணைப்போடு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில்தான் கிடைத்தது. 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஐபோன் 3ஜி வந்தபோது ஏர்டெலும் வோடஃபோனும் விற்றன. தொடக்க விலையே 31,000 ரூபாய். 2017-இல் ஜியோபோனுக்கு 1,500 ரூபாய், மூன்றாண்டுக்குப் பின் திரும்பப் பெறத்தக்க வைப்புத்தொகையாக வாங்கப்பட்டது. அதே ஆண்டு ஏர்டெல், கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு ஸ்மார்ட்போனை 2,899 ரூபாய்க்குக் கொடுத்து, மாதம் 169 ரூபாய் வீதம் 36 மாதங்கள் ரீசார்ஜ் செய்தால் 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றது. 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட்டின் விலை 6,499 ரூபாய். 1,999 ரூபாய் முன்பணம் கட்டி, மீதியை 18 அல்லது 24 மாதத் தவணையாகவும் செலுத்தலாம் என்றார்கள். இவற்றையெல்லாம் குற்றப்பட்டியலாக அடுக்கவில்லை. போனின் விலையில் ஒரு பகுதியை நிறுவனம் முதலில் தான் சுமந்து, பிறகு மாதாமாதம் ரீசார்ஜில் மீட்டுக்கொள்கிறது. அதற்கு நீங்கள் விலகிப் போகாமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு நேர்மையானதுதான். வாங்குகிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

எனக்கு மனத்தில் உறுத்துவது வேறு ஒன்று. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. சேவை சரியில்லை என்றால் எண்ணோடு வெளியேறலாம் என்ற அந்த உரிமையை, சாதாரண மக்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பாக நான் நினைக்கிறேன். ஒரே நிறுவனத்தின் சிம்மோடு பூட்டிய போன் அந்த உரிமையைச் சட்டப்படி பறிப்பதில்லை. ஆனால் வெளியேறுகிறவர் புதிதாக ஒரு போன் வாங்கியாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிவிடுகிறது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும், நிறுவனங்கள் பூட்டிய போன்களை விற்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் உத்தரவிட்டன. பால் விற்ற காசில் போன் வாங்கும் குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் கூடுதலாகத் தேவை என்பது என் உறுதியான கருத்து.

இதைப் படிப்பவர்களில் சிலர், ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்வதா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே மாதிரிப் போனை என் தோழியின் தாயார் கிருஷ்ணகிரி நகரத்தில் இன்றும் எந்தக் குறையுமின்றிப் பயன்படுத்துகிறார். கொரோனாக் காலத்தில் பள்ளிப் பாடங்கள் போனில் நடந்தபோது, விலை குறைந்த போன்கள் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பாடமே கேட்டிருக்க முடியாது என்பதையும் நான் மறக்கவில்லை. போட்டி நிறுவனத்துக்காகப் பேசுவதாகவும் யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் திரும்பிச் சென்ற நிறுவனத்தின் டவர் எங்கள் கடலைக் காட்டில் இன்றுவரை எடுப்பதில்லை.

ஆகவே, அறிமுக நாளுக்கு முன் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சிம் ஒன்றைப் புதிய எண்ணில் வாங்கி, வீட்டில் சும்மா கிடக்கும் 4ஜி போன் ஒன்றில் போட்டு, பெற்றோரிடம் ஒரு வாரம் கொடுத்துவையுங்கள். கதவைச் சாத்திய பின் உள்ளறையிலிருந்து அவர்கள் உங்களை அழைக்கட்டும், நீங்களும் அவர்களை அழையுங்கள். அழைப்பு போகிற இடத்திலெல்லாம் அழைப்பு வந்து சேரும் என்று கொள்ள முடியாது. மாட்டுக்கொட்டகையிலும் காட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள், மின்சாரம் போன நேரத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். நகரத்தில் நான்கு கோடு காட்டும் அதே நிறுவனம் உங்கள் ஊரில் ஒரு கோடும் காட்டாமல் இருக்கலாம். 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைவு போய்ச் சுவரையும் ஓரளவு கடக்கும், 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளால் அந்த அளவு முடியாது, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள டவரில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்தது அது.

கடையில் கேட்க வேண்டியது, பூட்டு எந்த வகை என்பது. சிம் பூட்டு என்றால், எத்தனை மாதம் கழித்துத் திறந்து தருவார்கள், அல்லது திறக்கவே மாட்டார்களா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தவணையில் வாங்கினால், கட்டணம் தவறும்போது திரையே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் சில போன்களில் உண்டு. அது சிம் பூட்டிலிருந்து வேறானது. ரீசார்ஜ் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற சலுகை மட்டுமே என்றால் போன் திறந்ததாகவே இருக்கலாம். உங்கள் கையிலுள்ள வேறொரு நிறுவன சிம்மை, பணம் கட்டுவதற்கு முன் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டதாகவும் கேள்வியின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, போன் வரட்டும். ஆனால் அதில் புதிய எண்ணையே போடுங்கள்; உங்கள் அம்மாவின் பழைய எண்ணும் பழைய பட்டன் போனும் அப்படியே இருக்கட்டும், வீட்டுக்குள் டவர் கிடைப்பது உறுதியாகும்வரை 1900-க்கு அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.