கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில்மென்ட் செய்து இரண்டு வருடம் ஆகிறது. சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று சிபில் நிறுவனம் போடும் மதிப்பெண்) ஏறவில்லை, வீட்டுக் கடனும் மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

சிக்கல் நீங்கள் கணக்கை முடித்த விதத்தில் இருக்கிறது. வசூலுக்கு வருபவர் "பாதியைக் கட்டுங்க சார், கணக்கை முடிச்சு விட்டுடறோம்" என்பார். முடித்தும் விடுவார்கள், பொய்யில்லை. ஆனால் மீதியை வங்கி தள்ளுபடி செய்ததால் சிபிலுக்கு 'க்ளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று தகவல் போகாது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுதான் போகும். அடுத்த வங்கி அதைப் பார்த்ததுமே கையை இழுத்துக்கொள்ளும். என் மைத்துனருக்கும் இதே கதைதான். சம்பளம் நன்றாக உயர்ந்த பிறகும் கடன் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஸ்கோர் கணக்கில் சம்பளம் வருவதே இல்லை.

ஸ்கோரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கடன் விவரமெல்லாம் இருக்கும் ரிப்போர்ட்டை எடுங்கள். 300 முதல் 900 வரையிலான அந்த எண் விளைவு மட்டும்தான், காரணம் ரிப்போர்ட்டில் இருக்கும். சிபில் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதே வேலையைச் செய்யும் இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நான்குமே வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. (நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது வீண் பயம்.) ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தாமதம் இல்லை. 030, 060 என்றிருந்தால் அத்தனை நாள் பாக்கி நின்றிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பழைய வங்கியிடம் போய் தள்ளுபடியான மீதியைக் கட்ட முன்வருவது. கசப்பாகத்தான் இருக்கும், முடிந்ததென்று நினைத்த கடனாயிற்றே. ஆனால் வட்டி, அபராதத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்று பேசிப் பார்க்கலாம். கட்டுவதற்கு முன்பே, கட்டியதும் 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னதெல்லாம் செல்லாது. கட்டி முடித்ததும் என்ஓசி (பாக்கி எதுவும் இல்லை என்ற வங்கிச் சான்று) வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அதன் பிறகும் ரிப்போர்ட் மாறாவிட்டால் சிபில் தளத்திலேயே புகார் போடலாம். வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் திருத்தாது. ஆனால் புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். "பணம் கொடுங்க, சிபிலை க்ளீன் பண்ணித் தர்றோம்" என்று வரும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையான பாக்கியை அவர்களால் அழிக்க முடியாது, தவறான பதிவென்றால் நீங்களே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம்.

பழையதைச் சரிசெய்தால் மட்டும் போதாது, புதிதாக நல்ல பதிவும் சேர வேண்டும். இந்த நிலையில் சாதாரண கார்டு கிடைப்பது கடினம். வங்கியில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு கேளுங்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டுங்கள். மினிமம் ட்யூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை) மட்டும் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ரிப்போர்ட்டில் தாமதம் விழாது, சரி. ஆனால் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடினால் திரும்ப வசூல்காரர் வரைக்கும்தான் போகும்.

2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், மாற்றம் முன்னைவிடச் சீக்கிரம் ரிப்போர்ட்டில் தெரியும். ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும். அதுவரை வேறு வங்கிகளில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும், வரிசையாக நாலைந்து பதிவு இருந்தால் ஐந்தாவது வங்கி காரணம் கேட்காமலே மறுத்துவிடும்.