கத்தரி கீழ, பேட்டரி மேல: பிளைட் பேக்கிங் பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கத்தரிக்கோலை ஹேண்ட் பேக்ல வச்சா பிடுங்கிக்கிட்டு செக்-இன் பெட்டியில போட்டிருக்கணும்ங்கறாங்க. பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில போட்டா, கூப்பிட்டு பெட்டியைத் திறக்கச் சொல்லி கையில கொண்டுபோங்கறாங்க. ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருக்கே, என்ன கணக்கு இது?

பதில்: கணக்கு சரியாத்தாங்க இருக்கு, ரெண்டுக்கும் பயம் வேற வேற. கத்தி, பெரிய கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் மனுஷன் கையில இருந்தா ஆபத்து, அதனால பறக்கும்போது யாரும் தொட முடியாத இடத்துக்குப் போகணும். பேட்டரி அப்படி இல்ல, யார் கண்ணுலயும் படாம கிடந்தாத்தான் அது ஆபத்து, அதனால உங்க கூடவே வரணும். இது ஒண்ணு மனசுல பதிஞ்சிட்டா பாதி லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனாலோ சூடு ஏற ஆரம்பிக்கும், அந்த சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும், ஒரு செல் போச்சுன்னா பக்கத்து செல்லும் பத்திக்கும். கீழ லக்கேஜ் அறையில ஹேலான்னு ஒரு தீயணைக்கிற வாயு வச்சிருப்பாங்க, சாதாரண தீயை அது நல்லா அமுக்கிடும், ஆனா பேட்டரிக்குள்ள நடக்கற அந்த வினையை அதால நிறுத்த முடியாது. அதே விஷயம் மேல சீட்ல நடந்தா, புகை வந்த உடனே யாராவது பார்ப்பாங்க, கேபின் க்ரூ வந்து தீயை அணைச்சு தண்ணி ஊத்தி குளிர வைப்பாங்க, அதுக்குன்னே அவங்களுக்கு பயிற்சி இருக்கு. 2010 செப்டம்பர்ல துபாய்ல இருந்து கிளம்பின யூபிஎஸ்ங்கற கூரியர் கம்பெனியோட சரக்கு விமானத்துல லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கு பத்திக்கிட்டு விமானமே விழுந்து ரெண்டு பைலட்டும் இறந்துபோனாங்க. தனியா பெட்டி பெட்டியா அனுப்பற லித்தியம் அயான் பேட்டரியை பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தவே கூடாதுன்னு 2016 ஏப்ரல்ல சர்வதேச தடையே வந்துச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் பெட்டிக்கு அடியில துணிக்கு நடுவுல பவர் பேங்க்கை ஒளிச்சு அனுப்பறவங்க இருக்காங்கன்னு கேள்விப்படும்போது நிஜமாவே மனசு பதறுது, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். மேல லாக்கர்ல போட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரியில தென்கொரியாவுல ஏர் பூசான் விமானம் ஒண்ணு கிளம்பறதுக்கு முன்னாடியே தரையில எரிஞ்சுது, தீ ஆரம்பிச்சது சீட்டுக்கு மேல இருக்கற லாக்கர் பக்கம், பவர் பேங்க் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. நல்லவேளை எல்லாரும் உயிரோட வெளிய வந்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டுல லாக்கர்ல வைக்கவே தடை, சீட் பாக்கெட்லயோ உடம்போடயோதான் வச்சுக்கணும். பல ஏர்லைன்ஸ் பறக்கும்போது பவர் பேங்க்ல சார்ஜ் போடவும் கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

கேள்வி: என்கிட்ட இருக்கறது 20,000 எம்ஏஎச். ஆனா ரூல்ல வாட் ஹவர்னு போட்டிருக்கு. இது போகுமா போகாதா?

பதில்: போகும். வாட் ஹவர்ங்கறது பேட்டரி எவ்வளவு சக்தியைத் தேக்கி வைக்கும்ங்கற கணக்கு. எம்ஏஎச்சை 1000-ஆல வகுத்து, செல்லோட வோல்ட்டான 3.7-ஆல பெருக்குங்க, 20 தடவை 3.7, அதாவது 74 வாட் ஹவர். 100 வரைக்கும் யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். 100-க்கு மேல 160 வரை ஏர்லைன்ஸ் சம்மதம் வேணும், அதுலயும் ரெண்டுதான். 160 தாண்டினா பயணி லக்கேஜா வராது. 30,000 எம்ஏஎச் வாங்கறவங்க கவனிங்க, அது 111 ஆயிடும். நீங்க போற ஏர்லைன்ஸ் எத்தனை பீஸ் விடறாங்கன்னும் பாத்துக்கோங்க, அது ஆளாளுக்கு மாறுது. மேல அச்சடிச்ச எண் அழிஞ்சு போயிருந்தா செக்யூரிட்டில அவங்களால நம்ப முடியாது, எடுத்து வச்சுக்குவாங்க. கேமரா பேட்டரி, டிரோன் பேட்டரி, ஈ-சிகரெட் எல்லாமே இதே மாதிரி கூடவேதான் வரணும், தனி பேட்டரிகளோட முனையில டேப் ஒட்டுங்க இல்ல ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போடுங்க, சாவியோ சில்லறையோ பட்டு ஷார்ட் ஆகக்கூடாது.

கேள்வி: 200 மில்லி ஷாம்பு பாட்டில்ல கால்வாசிதான் இருந்துச்சு, அதாவது 50 மில்லி. அதையும் குப்பையில போட்டுட்டாங்க. அநியாயம் இல்லையா?

பதில்: வருத்தமாத்தான் இருக்கும், ஆனா அவங்க பாக்கறது பாட்டில் அளவை, உள்ள இருக்கறதை இல்ல. வரிசையில நிக்கற ஒவ்வொருத்தர் பாட்டிலையும் அளந்து பாத்துக்கிட்டிருக்க முடியாது இல்லையா. 2006 ஆகஸ்ட்ல பிரிட்டன்ல இருந்து அட்லாண்டிக் தாண்டற விமானங்களை குளிர்பான பாட்டில்ல கலந்த திரவ வெடிமருந்தால தகர்க்க திட்டம் போட்டவங்களைப் பிடிச்சாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் இந்தக் கட்டுப்பாடு. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள்ள, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் அளவுள்ள, மூடற மாதிரி ஒரு டிரான்ஸ்பரன்ட் பையில. டூத்பேஸ்ட், க்ரீம், ஜெல், ஸ்ப்ரே, தேன் மாதிரி கெட்டியா ஊத்தறது, எல்லாமே திரவக் கணக்குதான். குழந்தைக்குப் பாலும் வழியில தேவைப்படற மருந்தும் விதிவிலக்கு, ஆனா வெளிய எடுத்துக் காட்டணும்.

இப்ப சில ஏர்போர்ட்ல புது சிடி ஸ்கேனர் வந்து இந்த 100 மில்லி கட்டுப்பாட்டைத் தளர்த்திட்டாங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க, போகும்போது பெரிய பாட்டிலை விட்டாங்களேன்னு நம்பி திரும்பும்போதும் வச்சுக்கிட்டு வர்றாங்க, அந்த ஊர்ல பழைய ஸ்கேனரா இருந்தா அவ்வளவுதான். கிளம்பற இடம், நடுவுல மாறற இடம், திரும்பி ஏறுற இடம், மூணுலயும் எது கடுமையோ அதுக்குத் தகுந்த மாதிரி பேக் பண்ணுங்க. டியூட்டி ஃப்ரீல வாங்கின பாட்டிலும் அப்படித்தான், சீல் வச்ச பையை போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்காதீங்க, பில்லும் உள்ளயே இருக்கட்டும்.

கேள்வி: டியோடரண்ட், ஹேர் ஸ்ப்ரே செக்-இன்ல போடலாமா?

பதில்: போடலாம். ஒரு டப்பா அரை லிட்டருக்குள்ள, மொத்தம் ரெண்டு லிட்டருக்குள்ள, மூடி இருக்கணும். பெயின்ட் ஸ்ப்ரே, கேம்பிங் அடுப்பு கேஸ், பட்டாசு இதெல்லாம் மேலயும் கிடையாது கீழயும் கிடையாது.

கேள்வி: அம்மா இன்சுலின் போடறவங்க. நிறைய இருக்கு, பாதியை செக்-இன்ல போட்டுடலாமான்னு அக்கா கேக்கறா. பாதரச தெர்மாமீட்டரும் எடுத்துட்டுப் போகணும்ங்கறாங்க.

பதில்: அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க. லக்கேஜ் அறையிலயும் காத்தழுத்தம் மேல மாதிரியேதான் இருக்கும், ஆனா சூடு குளிர் அப்படி சீரா இருக்கும்னு நம்ப முடியாது, இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அப்புறம் அதை நம்பிப் போடக்கூடாது. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டா அது இன்னும் பெரிய கஷ்டம். ஊசியோட சேர்த்து முழுசும் கையிலதான், டாக்டர் சீட்டும் மருந்தோட ஒரிஜினல் அட்டைப்பெட்டியும் கூட இருக்கட்டும். வேற மாத்திரைகள் இருந்தா போற நாட்டுல அனுமதி இருக்கான்னு முன்னாடியே பாருங்க, ஒரு நாட்டுல சாதாரணமா குடுக்கற வலி மாத்திரை இன்னொரு நாட்டுல கட்டுப்பாட்டு மருந்தா இருக்கும்.

பாதரசத்தை கேபினுக்குள்ள விடமாட்டாங்க, அது அலுமினியத்தோட சேர்ந்து உலோகத்தையே அரிச்சிடும், விமான உடம்புல பெரும்பகுதி அலுமினியமாத்தான் இருக்கும். உறையில போட்ட சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு செக்-இன்ல அனுமதி உண்டு. ஆனா டிஜிட்டல் ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன், அம்மா நிம்மதியா போயிட்டு வரட்டும்.

கேள்வி: லைட்டர்?

பதில்: பல நாடுகள்ல ஒண்ணே ஒண்ணு, சட்டைப்பையில. செக்-இன்ல கூடவே கூடாது. சில நாட்டுல அந்த ஒண்ணும் கிடையாது.

கேள்வி: இடம் இல்லைன்னு வாசல்ல நின்னுக்கிட்டு கேபின் பேக்கை வாங்கி கீழ போட்டுட்டாங்க. லேப்டாப், நகை எல்லாம் அதுல. தொலைஞ்சிருந்தா எவ்வளவு குடுப்பாங்க?

பதில்: அந்த மாதிரி வாங்கும்போது அவசரப்படாம பேக்கைத் திறந்து பவர் பேங்க், தனி பேட்டரி, மருந்து, பாஸ்போர்ட், நகை எல்லாத்தையும் எடுத்துடுங்க, பின்னாடி வரிசை நின்னாலும் பரவாயில்ல. இதுக்குன்னே மடிச்ச துணிப்பை ஒண்ணு மேலாப்புல வச்சிருங்க. சர்வதேசப் பயணத்துல மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணியோட லக்கேஜுக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர்தான், 2024 டிசம்பர் 28-லேர்ந்து இந்த அளவு. எஸ்டிஆர்ங்கறது சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) வச்சிருக்கற கணக்கு அலகு. உங்க நகை மதிப்பு எவ்வளவா இருந்தாலும் பொதுவா அதுக்கு மேல போகாது, செக்-இன் பண்ணும்போதே மதிப்பை எழுதிக்குடுத்து அவங்க கேட்டா கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தா மட்டும்தான் வேற. பெட்டி உடைஞ்சு வந்தா 7 நாளுக்குள்ள, தாமதமா வந்தா கைக்கு வந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுத்திருக்கணும். முதல் வேலையா பேக்கேஜ் கவுன்ட்டர்ல பிஐஆர்ங்கற லக்கேஜ் புகார் ரிப்போர்ட்டை எழுதி வாங்குங்க, அந்த நம்பர் கைக்கு வராம ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராதீங்க.