பேனா எப்போது நகர்கிறது? நேர்முகத் தேர்வு பற்றிய கேள்விகளும் பதில்களும்

பதினான்கு வருடங்களாக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏழு இடங்களில் தோற்றிருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பெயர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு என்று ஒப்பித்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன். வேறு என்னதான் சொல்வது?

நீங்கள் ஒப்பிப்பதெல்லாம் ஏற்கெனவே ரெஸ்யூமேயில் இருக்கிறது, அந்தத் தாளும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் கேட்பது "எங்களுக்கு ஒரு வேலை ஆக வேண்டும், அதற்கு நீங்கள் எப்படி உதவுவீர்கள்" என்பதை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரொம்பப் பழையது. 1480களின் தொடக்கத்தில் லியொனார்டோ டா வின்சி, மிலானில் அதிகாரம் செலுத்திய லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்க ஒரு கடிதம் தயாரித்தார். எண் போட்டுப் பத்து விஷயங்கள். தூக்கிச் செல்ல எளிதான பாலங்கள், முற்றுகையின்போது அகழியிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வழி, பீரங்கிகள், கவசமிட்ட வண்டிகள் என்று பெரும்பாலும் போர்ச் சமாச்சாரம். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன, அதுவும் போகிற போக்கில். ஓவியத்தில் அவர் குறைந்தவரா என்ன? லுடோவிகோவின் கவலை போர் என்று தெரிந்துதான் அந்த வரிசையில் எழுதினார்.

நீங்களும் வேலை விளம்பரத்தை எடுத்து, வார்த்தை மாற்றி மாற்றித் திரும்ப வரும் தேவை எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இப்போது என்ன செய்கிறீர்கள், அந்தத் தேவைக்கு நெருக்கமாக முன்பு செய்த ஒரு வேலை எது, ஏன் இந்த இடத்துக்கு வந்தீர்கள். ஒன்றரை நிமிடம் போதும். பொழுதுபோக்கை அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: நான் ஃபிரஷர். அனுபவம் என்று ஒன்றுமே இல்லை. "கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், டீம் பிளேயர்" என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பேனலில் இருக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள் இருக்கும். இடது பக்கம் நாங்கள் பார்க்க வேண்டிய தன்மைகள், வலது பக்கம் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே "ஆதாரம்" என்று இரண்டு வரிக்கு இடம். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட இப்படித் திட்டமிட்ட நேர்காணல் சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள், 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதினார்கள். 2022இல் வேறொரு குழு கணக்கைத் திருத்திப் போட்டபோதும் திட்டமிட்ட நேர்காணல்தான் பட்டியலில் முதலில் வந்தது.

சரி, இதில் உங்களுக்கு என்ன? "கடின உழைப்பாளி" என்று நீங்கள் சொல்லும்போது என் பேனா நகராது. ஆதாரம் என்ற இடத்தில் எதை எழுதுவேன்? "உழைப்பாளி என்று அவரே சொன்னார்" என்றா?

ஒரு பெண் வந்திருந்தார், படிப்பு முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தன் துறை நூலகத்துப் புத்தகங்களைக் கணினியில் பதிவு செய்த கதையைச் சொன்னார். நான்கு பேர் ஆரம்பித்திருக்கிறார்கள், தேர்வு நெருங்கியதும் இருவர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்த நாட்களைப் புத்தக எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் முடியாது என்று தெரிந்திருக்கிறது. "அதனால் இரவல் பதிவேட்டைப் பார்த்து, அதிகம் வெளியே போகும் மூன்று அலமாரிகளை மட்டும் முதலில் முடித்தோம் மேடம். மற்றதைத் தேர்வுக்கு அப்புறம் செய்து தருகிறோம் என்று நூலகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்" என்றார். என் பேனா நிற்கவே இல்லை. எது முக்கியம் என்று பார்க்கிறார், கெடு தவறுவதற்கு முன்பே தகவல் சொல்கிறார், தொடங்கியதை முடிக்கிறார். சம்பளம் வாங்காத வேலைதான், அதனால் என்ன?

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். புராஜெக்ட், விழா ஏற்பாடு, வீட்டில் கவனித்துக்கொண்ட கணக்கு, தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். உங்களைப் பற்றிய ஒவ்வொரு பெருமைக்கும் பக்கத்தில் ஒரு சம்பவத்தை எழுதிப் பாருங்கள். சம்பவம் கிடைக்காத பெருமையை அடித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாரும் "ஸ்டார்" முறை என்கிறார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போனால் செயற்கையாக இருக்காதா?

நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, அதன் விளைவு. அவ்வளவுதான் ஸ்டார். வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் நிச்சயம் செயற்கையாக இருக்கும். ஐந்தாறு சம்பவங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாக்கியம் அந்த நேரத்தில் வரட்டும். ஒரே சம்பவம் மூன்று நான்கு கேள்விகளுக்குப் பொருந்தும். மேலே சொன்ன நூலகக் கதையை "கெடுவை எப்படிச் சமாளித்தீர்கள்" என்பதற்கும் சொல்லலாம், "குழுவில் பிரச்சினை வந்தபோது என்ன செய்தீர்கள்" என்பதற்கும் சொல்லலாம்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, நிலைமையை விளக்கியே நேரம் போய்விடும். அதற்கு இரண்டு வாக்கியம் போதும். இன்னொன்று "நாங்கள்". நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் முடித்தோம். "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நான் கேட்டதும் திணறுவார்கள். நான், நான் என்று சொல்ல நமக்கெல்லாம் ஒரு கூச்சம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் உங்கள் டீம் மொத்தத்தையும் நான் வேலைக்கு எடுக்கப் போவதில்லையே!

கேள்வி: "உங்கள் பலவீனம் என்ன?" இதற்கு "நான் ஒரு பர்ஃபெக்ஷனிஸ்ட்" என்று சொல்லலாமா?

அன்றைக்கு அதைச் சொல்லும் ஐந்தாவது ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அதைச் சமாளிக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்பனைப் பிரிவுக்கு வந்த ஒருவர், அவசரத்தில் பழைய விலைப்பட்டியலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னார். அன்று மாலைக்குள் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதிலிருந்து கோப்பின் பெயரிலேயே தேதி போடுவதும், அனுப்பும் முன் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருமுறை காட்டுவதும் வழக்கமாகிவிட்டதாம். "எனக்கு அவசரம் ஜாஸ்தி சார், அதனால் என்னை நானே நம்புவதில்லை" என்று என் சக ஊழியரைப் பார்த்துச் சொன்னார். அவரை எடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை: அந்த வேலைக்கு உயிர்நாடியாக இருப்பதையே பலவீனமாகச் சொல்லக் கூடாது. கணக்காளர் வேலைக்கு வந்துவிட்டு "எண்கள் என்றால் பயம்" என்றால் யாரும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு வருடம் வேலையை விட்டிருந்தேன். அந்த கேப்பை மறைக்க பழைய கம்பெனித் தேதியை நீட்டிப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

வேண்டாம் அம்மா. பழைய இடத்துக்கு ஒரு போன் அடித்தால் தேதி தெரிந்துவிடும். கேப் இருப்பதை மன்னிப்பார்கள், தேதியை மாற்றியதை மன்னிக்க மாட்டார்கள்.

"குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள இரண்டு வருடம் விலகியிருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, முழு நேரமும் வேலை செய்யத் தயார்." இவ்வளவு போதும். அடுத்த மூச்சில், சமீபத்தில் கற்றுக்கொண்டது எதையாவது சொல்லி வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். இதை வீட்டில் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் மூன்று முறை குரல் தழுதழுக்கும், அது அங்கேயே நடந்து முடியட்டும்.

ஆட்குறைப்பில் வேலை போனவர்களும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கும் இதே அளவுதான், இரண்டு வாக்கியம். பழைய மேலதிகாரியைத் திட்ட ஆரம்பித்தால், நாளைக்கு என்னையும் இப்படித்தான் பேசுவாரோ என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

கேள்வி: உள்ளே போகும் முன் கை நடுங்குகிறது. கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நின்றால் தைரியம் வரும் என்கிறார்களே?

அந்த 'பவர் போஸ்' ஆய்வு 2010இல் வந்தது, ஹார்மோனே மாறுகிறது என்றார்கள். 2015இல் அதைவிட அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல், தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நிற்பதால் நஷ்டமில்லை, நம்பிப் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்தது 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு. மேடைப் பேச்சுக்கு முன்னால் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்குவது கஷ்டம், பெயரை மாற்றிக் கூப்பிடுவது சுலபம்.

மற்றபடி, நடுங்கும் கையை நாங்கள் ஒரு குறையாகவே பார்ப்பதில்லை. என் மூன்றாவது இன்டர்வியூவில் பேனா மூடியைத் திருகித் திருகி விரலெல்லாம் மை. அந்தக் கையோடுதான் கை குலுக்கினேன். அந்த வேலை கிடைக்காததற்குக் காரணம் மை இல்லை, அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்றே தெரியாமல் போனதுதான்.

கேள்வி: "இந்த அறைக்குள் எத்தனை டென்னிஸ் பந்து அடங்கும்" மாதிரிப் புதிர்களுக்கு எப்படித் தயாராவது?

பெரிதாகத் தயாராக வேண்டாம். இந்தப் பைத்தியம் புதிதல்ல. தாமஸ் எடிசன் 1921இல் வேலைக்கு வந்தவர்களுக்கு நூற்றைம்பது கேள்விகள் அளவில் ஒரு தேர்வு வைத்தார், மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்வது என்பது அதில் ஒன்று. பட்டதாரிகள் வரிசையாகத் தோற்றார்கள், பத்திரிகைகள் கிண்டலடித்தன. புதிர்களுக்குப் பேர்போன கூகுளிலேயே, ஆள் எடுக்கும் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இவை சுத்த நேர விரயம் என்று 2013இல் சொல்லிவிட்டார். இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் வாய்விட்டு யோசியுங்கள்: அறையின் நீளம் இவ்வளவு என்று வைத்துக்கொள்கிறேன், பந்து இவ்வளவு என்று வைத்துக்கொள்கிறேன் என்று. விடையைவிட அந்த வழிதான் கணக்கு.

கேள்வி: என்ன உடை?

துவைத்தது, தேய்த்தது, உட்கார்ந்தால் இறுக்காதது. அங்கே வேலை செய்பவர்கள் போடுவதைவிட ஒரு படி மேலே.

கேள்வி: ஆன்லைன் இன்டர்வியூவில் பக்கத்துத் திரையில் ஏ.ஐ. தரும் பதிலைப் பார்த்துச் சொன்னால் கண்டுபிடிப்பார்களா?

கண் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுவது எங்களுக்கு நன்றாகவே தெரியும். தப்பித்தாலும், "அப்போது அந்த வாடிக்கையாளர் என்ன சொன்னார்?" என்ற அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் நாள் அதே ஏ.ஐ.யை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள், அது நல்ல உபயோகம். வெளிச்சம் முகத்துக்கு எதிரிலிருந்து வரட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம்.

கேள்வி: எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால் முதலில் நாம் எண்ணைச் சொல்லலாமா?

முதலில் "இந்தப் பொறுப்புக்கு எந்த வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், இதே வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்த எண்ணைச் சொல்லுங்கள். சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எதிரில் இரண்டு நொடி மௌனம், உடனே "இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை சார்" என்று தானே குறைத்துக்கொள்கிறார்கள். நான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது மதியம் இன்னும் எத்தனை பேர் பாக்கி என்பதாகக்கூட இருக்கலாம்!

பழைய சம்பளத்தைக் கேட்பதற்குச் சில இடங்களில் சட்டமே தடை போட்டிருக்கிறது, கலிஃபோர்னியாவில் 2018 முதல் அப்படித்தான். தடை இல்லாத இடத்தில் கேட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

கேள்வி: கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்றால் "இல்லை சார், நன்றி" என்று எழுந்துவிடுகிறேன். தப்பா?

தப்பில்லை, நல்ல வாய்ப்பை விட்டுவிட்டு எழுகிறீர்கள். ஒருமுறை ஓர் இளைஞர், "இந்த இடத்துக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதை முடித்துக் கொடுத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்?" என்று கேட்டார். என் பக்கத்தில் இருந்த மேலாளர் தாளைக் கீழே வைத்துவிட்டு, தேங்கிக் கிடந்த புகார்களைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினார். அந்த இளைஞர் அதில் இரண்டுக்கு, முன்பு தான் செய்ததைச் சொன்னார். அதுவரை அவர் சுமார்தான்.

விடுமுறை எத்தனை நாள் என்பதையும் கேட்கலாம். ஆனால் அதுவே முதல் கேள்வியாக வேண்டாம்.

கேள்வி: நன்றாகத்தான் செய்தேன், பத்து நாளாகப் பதிலே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா?

கிளம்பும்போதே "எப்போது முடிவு தெரியும்?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு நாள் கழித்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல், அப்புறம் ஒரு வாரம் விட்டு இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லாமல் நானே மூன்று வாரம் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். "கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது" என்று போனில் யார் சொன்னாலும், ஆஃபர் லெட்டர் எழுத்தில் வந்து சேரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.