தோளை இறக்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் தையல் தைக்கிறேன். பின்னேரம் நாலு மணியானால் நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினதுபோலத் தலையிடிக்கிறது. கண் பரிசோதித்தாயிற்று, கண்ணாடியும் சரியாம். கிழமையில் நாலைந்து நாள் பனடோல் போடுகிறேன். மனதைத் தளர்த்தினால் போய்விடும் என்கிறார்கள். அதை எப்படித் தளர்த்துவது?
(தையல் தொழில் செய்பவர், மானிப்பாய்)

மனதை நேரடியாகத் தளர்த்த ஒருவராலும் ஏலாது. தசையைத் தளர்த்தலாம், மனம் பின்னால் வரும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான். ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை உணரப் பழகுவது.

இரண்டு பக்கமும் இறுக்குகிற, துடிக்காத தலையிடியில் பிடரி, தோள், தாடைத் தசைகளுக்குப் பெரும்பாலும் பங்கு உண்டு. மெஷினில் குனிந்திருக்கும்போது தோள் காதை நோக்கி ஏறும். ஊசியில் நூல் கோர்க்கும்போது பல்லைக் கடிக்கிறீர்களா என்று நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது.

பாயில் படுத்தோ சாய்மனைக் கதிரையில் சாய்ந்தோ தொடங்குங்கள். வலக்கையைப் பொத்தி 5 முதல் 7 வினாடி இறுக்குங்கள். முழுப்பலம் வேண்டாம், முக்கால் பங்கு போதும். பிறகு மெல்ல மெல்ல அல்ல, ஒரேயடியாக விட்டுவிட்டு 20 முதல் 30 வினாடி அந்தக் கையையே கவனியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு தரம். அடுத்து இடக்கை, நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கால். பிடரிக்குத் தலையைப் பின்னால் வளைக்காமல் தலையணையில் மெதுவாக அழுத்தினால் போதும். காலுக்கு விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். கீழ்நோக்கி நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மொத்தம் 15, 20 நிமிடம்.

பலர் பிழைவிடுவது இறுக்குவதில் அல்ல, விட்ட பிறகு. அந்த அரை நிமிடத்தைப் பொறுக்காமல் அடுத்த தசைக்கு ஓடுகிறார்கள். சிலர் இறுக்கும்போது மூச்சையும் சேர்த்து அடக்குகிறார்கள். இன்னொன்று, தலையிடி வந்த பிறகுதான் பாயை விரிப்பது. நோவு இல்லாத நேரத்தில் இரண்டு மூன்று கிழமை தினமும் பழகினால்தான் நோவு வரும்போது உடம்பு சொன்னபடி கேட்கும். பழகியபின் இறுக்கவே தேவையில்லை: ஒவ்வொரு தரமும் பொபின் மாற்றும்போது தோளை இறக்கி, பல்லை விடுங்கள்.

பனடோல் கணக்கையும் பாருங்கள். கிழமைக்கு நாலைந்து நாள் என்றால் மாதத்துக்குப் பதினாறுக்கு மேல். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து நோக்குளிசை எடுத்தால் குளிசையே தலையிடியைக் கொண்டுவரலாம். இதை மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

திடீரென்று வெடிப்பதுபோல வந்த தலையிடி, கை கால் சோர்வு, நாக்குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவற்றுக்குப் பயிற்சி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலையிடியையும் மருத்துவருக்குக் காட்ட வேண்டும். மாரி மழைக் காலத்தில் காய்ச்சலோடு தலையிடித்தால் டெங்கு என்றே நினைத்து இரத்தம் சோதியுங்கள். அப்போது டிஸ்பிரின், இபுபுரோபன் இரண்டும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும்.

மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். பரீட்சை என்றாலே வயிறு பிரட்டுகிறது. "ஆழமாக மூச்சை இழு" என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். செய்தால் விரல் விறைத்துத் தலை சுற்றுகிறது என்கிறாள்.
(தாய், நெல்லியடி)

சொன்னதை மகள் அளவுக்கு மிஞ்சிச் செய்திருக்கிறாள். பெரிய மூச்சுகளை அடுத்தடுத்து எடுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறையும். மூளைக்குப் போகும் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலைச்சுற்றும் விரல் விறைப்பும் அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

வேண்டியது பெரிய மூச்சு அல்ல, மெதுவான மூச்சு. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கீழே இருக்கிற கை மட்டும் அசைய வேண்டும். மூச்சை விடும்போது நாடித் துடிப்பு தானாகவே குறைவதால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தால் அவளுக்கே தெரியலாம். காலை 5 நிமிடம், இரவு 5 நிமிடம் இப்போதே தொடங்கட்டும். பரீட்சை மண்டபத்தில் முதல் முறையாகச் செய்து பார்க்கிற வேலை வேண்டாம். அன்று வெறும் வயிற்றில் கடும் பிளேன்ரீயும் கொடுக்காதீர்கள்.

தளர்வுப் பயிற்சி செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். நித்திரை வருகிறதா, வருகிறதா என்று பார்த்தே விடிந்துவிடுகிறது.
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சாவகச்சேரி)

அந்தக் காவல்தான் நித்திரையைக் கெடுக்கிறது. பயிற்சியைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். படுக்கையில் அது ஒரு பரீட்சையாகிவிட்டது. கிட்டத்தட்ட 20 நிமிடம் புரண்டதாகத் தோன்றினால், மணிக்கூட்டைப் பார்க்காமல் எழும்பி மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள். கைத்தொலைபேசி வேண்டாம். கண் சொருகினால் மட்டும் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்கு நித்திரை கொண்டாலும் எழும்புகிற நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். மத்தியான நித்திரையை நிறுத்துங்கள். திருவிழாக் கால ஒலிபெருக்கிக்குக் காதில் பஞ்சு வைப்பதைத் தவிர எமக்கும் வேறு வழி தெரியவில்லை.

தியானம் செய்தால் பிரஷர் குளிசையை நிறுத்தலாமா?
(வேலணை)

கூடாது. மெதுவான மூச்சு சிலருக்குப் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். குளிசையைக் குறைப்பதைக் கிளினிக் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அளப்பதற்கு முன் 5 நிமிடம் கதைக்காமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட இருங்கள். பஸ்ஸால் இறங்கின கையோடு அளந்தால் கூடத்தான் காட்டும்.

இரத்தம் எடுக்க ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறேன். போனமுறை உடம்பை நன்றாகத் தளரவிட்டும் விழுந்தேன்.
(இளைஞர், உரும்பிராய்)

உங்களுக்குத் தளர்வு மருந்தல்ல, எதிரி. மற்றப் பயங்களில் பிரஷர் ஏறும். இரத்தப் பயத்திலோ முதலில் ஏறி, பிறகு சடுதியாக விழும். அந்த நேரம் தசையைத் தளர்த்தினால் இன்னும் விழும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் இதற்கு நேர்மாறான பயிற்சியைக் கொண்டுவந்தார். இருந்தபடி கை, கால், வயிற்றை ஒன்றாக இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறும்வரை, 10 முதல் 15 வினாடி. பிறகு சாதாரண நிலைக்கு மட்டும் விடுங்கள், தொய்ய விடாதீர்கள். 20, 30 வினாடி கழித்துத் திரும்பவும். ஐந்து தரம் ஒரு சுற்று. ஒரு கிழமை தினமும் சில சுற்றுப் பழகிவிட்டுப் போங்கள்.

ஊசி ஏற்றுகிற கையை மட்டும் இறுக்காமல் விடப் பழகுங்கள், மற்றக் கையும் கால்களும் வேலை செய்யட்டும். மயங்குகிற பழக்கம் உண்டு என்று தாதியிடம் முன்கூட்டியே சொன்னால் படுக்கவைத்தே எடுப்பார். எடுத்து முடிந்ததும் துள்ளி எழும்பாதீர்கள். ஊசி, இரத்தம் எதுவும் இல்லாமல் ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கினால் அது வேறு கதை. அதற்கு இதயப் பரிசோதனை வேண்டும்.